ஃபோர்ட் எக்கோஸ்போர்ட்: கம்பெனி போன பிறகு பழைய வண்டியாக வாங்கலாமா?

கேள்வி: 2018 மாடல் ஃபோர்ட் எக்கோஸ்போர்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெட்ரோல், டைட்டானியம் வேரியன்ட், மேனுவல் கியர், 62,000 கி.மீ., இரண்டாவது ஓனர். 5.40 லட்சம் சொல்கிறார்கள். மாதம் 800 கி.மீ.க்கு மேல் ஓட்டமாட்டேன். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், முட்டிவலி உள்ள அப்பாவும். ஓட்டிப் பார்த்ததில் பிடித்துவிட்டது. ஆனால் யாரைக் கேட்டாலும் "கம்பெனியே போயிடுச்சு, எதுக்கு வம்பு" என்கிறார்கள். வாங்கலாமா சார்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வாங்கலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, மறுபடி அந்த வண்டியைப் போய்ப் பார்ப்பதற்கும் முன்பு, ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். ஃபோர்ட் வண்டிகளில் கைபழகியவர், ஃபோர்டுக்கென்று ஸ்கேன் கருவி வைத்திருப்பவர், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியவர். அப்படி ஒருவர் கிடைத்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். கிடைக்கவில்லையென்றால் வண்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் மதுரைக்கோ திருச்சிக்கோ ஓடிக்கொண்டிருந்தால் ஆறே மாதத்தில் வண்டி மேல் இருக்கும் ஆசை வெறுப்பாக மாறிவிடும்.

"கம்பெனியே போயிடுச்சு" என்பதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். 2021 செப்டம்பரில் ஃபோர்ட் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் ஏற்றுமதிக்கான எக்கோஸ்போர்ட் மட்டும் 2022 நடுவாக்கில் வரை ஓடியது. விற்ற வண்டிகளுக்கு சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள், சர்வீஸ் நடந்துகொண்டும் இருக்கிறது, டீலர்கள்தான் குறைந்துவிட்டார்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக புரோக்கர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள்: "ஃபோர்ட் திரும்ப வருது சார், விலை ஏறப்போகுது." 2024 செப்டம்பரில் ஃபோர்ட் தமிழக அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தது உண்மை. ஆனால் அது ஏற்றுமதிக்காக ஆலையைத் திறப்பது பற்றி. உங்கள் வண்டிக்கு அதனால் ஹெட்லைட் கிடைக்கப்போவதில்லை, அந்தப் பேச்சுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். நீங்கள் "2018 பெட்ரோல்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மாடலில் அது போதாது. 2013-இல் வந்த முதல் எக்கோஸ்போர்ட்டில் இருந்த 1.5 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர் இன்ஜின். 2017 நவம்பரில் முகத்தை மாற்றி வந்தபோது அதைத் தூக்கிவிட்டு, டிராகன் என்று பெயர் வைத்த மூன்று சிலிண்டர் இன்ஜினைப் போட்டார்கள், அதுவும் 1.5 லிட்டர்தான், 123 குதிரைத்திறன். இரண்டும் பெயரில்தான் ஒன்று. இதில் ஒரு சிக்கல், 2017 நடுவில் தயாராகி டீலர் யார்டில் நின்று 2018 ஜனவரியில் பதிவான பழைய மாடலும் ஆர்சியைப் பார்த்தால் "2018 வண்டி" போலத்தான் தெரியும். ஆர்சியில் பதிவுத் தேதிக்குப் பக்கத்தில் தயாரிப்பு மாதம் இருக்கும், சிலிண்டர் எண்ணிக்கையும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் பானட்டைத் திறந்து இன்ஜின் மேலே இருக்கும் இக்னிஷன் காயில்களை எண்ணுங்கள். 1.5 லிட்டர் வண்டியில் மூன்று இருந்தால் டிராகன்.

உங்களுடையது டிராகன்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓட்ட நல்ல இன்ஜின், மேலே போகப் போக இழுக்கும், மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் இருக்கும், அது நோய் இல்லை. ஆனால் இதன் டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரப்படி இயக்கும் ரப்பர் பட்டை) பற்றி விற்கிறவர் பெரும்பாலும் சொல்லமாட்டார், பல நேரம் அவருக்கே தெரியாது. சாதாரணமாக டைமிங் பெல்ட் ஆயிலுக்கு வெளியே, ஒரு மூடிக்குள் காய்ந்த நிலையில் சுற்றும். டிராகனில் அது இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி சுற்றுகிறது. 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போவிலும் இதே கதைதான். உராய்வு குறையும், சத்தம் குறையும், யோசனை நல்லதுதான். ஆனால் வேறு தர ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் காலத்தைத் தள்ளினாலோ பெல்ட்டின் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்த துகள் கீழே சம்ப்பில் (ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கி ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும், அதன் பிறகு வரும் பில்லை நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் உங்களுக்கு முக்கியம் ஓடிய கிலோமீட்டர் அல்ல, ஆயில் பில்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றியிருக்கிறார்களா, கையேட்டில் அச்சிட்டிருக்கும் கிரேடுதானா என்று பாருங்கள். முதல் நான்கு வருடம் ஷோரூம் பில், அப்புறம் "நம்ம தெரிஞ்ச கடையில பார்த்தோம் சார், பில்லு இல்ல" என்றால் அந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். பில் இல்லாத வண்டியை உடனே ஒதுக்கிவிடுவேன் என்று சொல்லமாட்டேன், சம்ப்பைக் கழற்றி வடிகட்டியைப் பார்க்க விற்கிறவர் சம்மதித்தால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இந்தப் பெல்ட்டுக்குக் கம்பெனி கணக்கு 10 ஆண்டு அல்லது 2.4 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்கு 2.4 லட்சம் எல்லாம் கனவு. பத்து ஆண்டு என்பது 2028, அதுதான் உங்கள் கணக்கு. நானாக இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்கமாட்டேன். அந்த வேலைக்கு ஆகும் செலவை உங்கள் மெக்கானிக்கிடம் இன்றைக்கே கேட்டு, பேரம் பேசும்போது விலையில் கழியுங்கள்.

மேனுவல் எடுத்தது நல்லது. 2017 நவம்பருக்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். அதே கியர்பாக்ஸ் புகார்களை நடத்திய விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நாட்டு ஃபோர்டுக்கு 1 கோடி டாலர் அபராதம் போட்டது, அந்த வழக்கில் எக்கோஸ்போர்ட்டும் உண்டு. விலை மலிவாக இருக்கிறதே என்று யாராவது அதைக் காட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள். 2017 நவம்பருக்குப் பிறகு வந்த ஆட்டோமேட்டிக் வழக்கமான டார்க் கன்வர்ட்டர், அதில் பயம் இல்லை. டீசல் அருமையான இன்ஜின், ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைலிலும் அதுவே என்பதால் பாகத்துக்கும் அலைச்சல் குறைவு. ஆனால் மாதம் 800 கி.மீ.க்கு டீசல் எதற்கு?

அடுத்தது ஸ்பேர். நின்றுபோன மாடல் என்றதும் எல்லோரும் இன்ஜினை நினைத்துப் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், ஷாக், புஷ், லோயர் ஆர்ம் இதெல்லாம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் இத்தனை வண்டி ரோட்டில் ஓடும்போது அவற்றைச் செய்து விற்க ஆள் இருப்பார்கள். வண்டியை உட்காரவைப்பது பாடி சாமான்கள். தெரிந்தவர் ஒருவரின் கார், வேறு கம்பெனி, அதுவும் நிறுத்தப்பட்ட மாடல், பின்னால் ஆட்டோ இடித்ததில் டெயில் லைட் உடைந்தது. நாற்பது நாள். வண்டி ஓடும், ஆனால் லைட் இல்லாமல் இரவில் எடுக்க முடியாது. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்ற வண்டியிலிருந்து ஒன்று கிடைத்தது, அதுவும் வலது பக்கம் கேட்டால் இடது பக்கத்தைக் காட்டினார்கள், இரண்டு தடவை போய்வந்தார்.

எனவே சேஸிஸ் நம்பரை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஃபோர்ட் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஹெட்லைட், முன் பம்பர், பின்கதவுக் கண்ணாடி, சைடு மிரர், ஏசி கூலிங் காயில், இந்த ஐந்துக்கும் விலை என்ன, ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று கேளுங்கள். "இருக்கு சார், வரும் சார்" என்பதெல்லாம் பதில் இல்லை, நாள் கணக்கு வேண்டும். அதே போனில் இந்த சேஸிஸுக்கு ரீகால் வேலை (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். எக்கோஸ்போர்ட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ரீகால் வந்திருக்கிறது. சர்வீஸ் வரலாற்றில் பதிவான கிலோமீட்டரையும் கேட்டுப் பாருங்கள், 2021-இலேயே 70,000 என்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

நேரில் பார்க்கும்போது காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பின்கதவு இந்த வண்டியில் தனி விஷயம். ஸ்டெப்னி சக்கரம் அதன் மேல் தொங்குகிறது, கதவு பக்கவாட்டில் திறக்கிறது, அத்தனை கனத்தையும் கீல்கள்தான் தாங்குகின்றன. கதவைப் பாதி திறந்து, கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மூடும்போது லாக் உட்காரும் இடத்தில் பெயின்ட் உரசிப் போயிருக்கும், அதுவும் சாட்சி. கீலைச் சரிசெய்துவிடலாம், ஆனால் பின்பக்கம் அடிபட்டுக் கதவு மாற்றிய வண்டியா என்று அப்போது ஸ்டெப்னியைக் கழற்றச் சொல்லி அதன் பின்னால் பட்டி பூசியிருக்கிறதா பாருங்கள். டிங்கரிங் செய்கிறவர்கள் வெளியே கண்ணாடி மாதிரி முடித்துவிட்டு ஸ்டெப்னிக்குப் பின்னால் அலட்சியமாக விட்டுவிடுவார்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1418 என்றால் 2018-ஆம் ஆண்டு 14-ஆவது வாரம். நான்கு டயரும் 2018 என்றால் 62,000 ஓடியதற்கு அவை வழுக்கையாக இருக்க வேண்டும், இல்லாமல் பட்டன் நன்றாக இருந்தாலும் வயதுக்காகவே மாற்றத்தான் வேண்டும். நான்கும் போன மாதம் போட்ட மலிவு டயர் என்றால் விற்பதற்காகப் போட்டது.

அப்புறம் வெள்ளம். 2018 வண்டிக்கு 2015 சென்னை வெள்ளம் பொருந்தாது, 2023 டிசம்பர் பொருந்தும். அந்த மாதம் மிக்ஜாம் புயலில் சென்னையும், இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி, திருநெல்வேலியும் முழுகின. முதல் ஓனர் எந்த ஊர், அப்போது வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண்கோடு போட்டிருந்தால் யாரும் அதைத் துவைத்திருக்கமாட்டார்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துருவும், முன் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் ஈரவாடையும் சொல்லிவிடும். நான் ஒரு யார்டில் பார்த்த காரில் உள்ளே ஊதுபத்தி மணம் தூக்கலாக இருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கிய பிறகுதான் அது எதற்கென்று தெரிந்தது.

அப்பா விஷயம். முன் சீட் உயரமாக இருப்பதால் குனியாமல் ஏறி உட்காரலாம், முட்டிக்கு நல்லது, கூட்டிப்போய் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் உங்கள் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் பிள்ளைகள் வளரும்வரை சரி, அகலம் அவ்வளவுதான். பின்பக்கத்துக்குத் தனி ஏசி வென்ட் கிடையாது. மே மாதம் திண்டுக்கல் வெயிலில் மத்தியானம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மைலேஜ் கம்பெனி சொன்னது 17, ஊருக்குள் 11, 12 கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, 2018 வண்டி அதற்கென்று செய்ததில்லை, அதனால் பெட்ரோல் ஹோஸ்களையும் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தருவது) இவ்வளவு வயது வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தருவதில்லை. தருகிற கம்பெனியின் கோட்டேஷனை வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ். முன்னே சொன்ன ஐந்து பாடி சாமான் விலையைக் கேட்டதும் இது எதற்கென்று உங்களுக்கே புரியும். ஆர்சியில் முந்தைய ஓனரின் ஹெச்பி (வண்டிக் கடன் கொடுத்தவரின் பெயர்ப் பதிவு) இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா என்பதையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

விலை 5.40 என்பது ஃபோர்ட் இன்னும் கடை விரித்திருந்தால் நியாயம். ஆயில் பில் முழுசாக இருந்து, பெல்ட், டயர் செலவைக் கழித்து, நீங்கள் திரும்ப விற்கும்போது வாங்க ஆள் குறைவாகத்தான் வருவார்கள் என்பதற்கும் கொஞ்சம் கழித்தால், நான் 4.60-இல் ஆரம்பித்து 4.90-க்கு மேல் ஏறமாட்டேன். பில் இல்லையென்றால் 4.25, அதுவும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்த பிறகு. "வேற பார்ட்டி நாளைக்கு வர்றாங்க" என்பார்கள். வரட்டும்.