நாயகி நல்லவளாக இருக்க வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்ததால் அங்கிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸோடு வளர்ந்தவள் நான். திருமணத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸ் வாசிக்கிறாள். அவளால் நானும் திரும்ப வந்திருக்கிறேன். அறிவியல் புனைவிலும் ஃபேன்டஸியிலும் பெண்களை மையமாக வைத்து நிறைய காமிக்ஸ் வருவதாகச் சொல்கிறார்கள். சிலவற்றைப் புரட்டினேன். ஆண் கையிலிருந்த துப்பாக்கியைப் பெண் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. அவள் எப்போதும் துணிச்சல்காரி, எப்போதும் நியாயத்தின் பக்கம். இதில் புதிதாக என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்கலாம்?

ச.
விருதுநகர்

அன்புள்ள ச.,

லயன் காமிக்ஸ் 1984இல் தன் முதல் இதழையே ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்று ஒரு பெண்ணை நம்பித்தான் இறக்கியது. ஆகவே பெண் நாயகி என்பதையே ஒரு புதுமையாக உங்கள் ஊர்ப்பக்கம் விற்க முடியாது. உங்கள் சலிப்பு நியாயமானது. எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்கும் துணிச்சல்காரியை எனக்கும் பிடிப்பதில்லை. அவளுக்கு ஆசை இல்லை, பொறாமை இல்லை, தப்புச் செய்யும் உரிமைகூட இல்லை. கோயில் உற்சவர்போல அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆனால் நீங்கள் ‘மான்ஸ்ட்ரெஸ்’ படிக்கவில்லை என்று ஊகிக்கிறேன். மார்ஜோரி லியூ எழுத, சனா டகேடா வரைய, அமெரிக்கப் பதிப்பகமான இமேஜ் காமிக்ஸ் 2015 நவம்பரில் தொடங்கிய தொடர். திறந்ததும் ஏலக்களம். விற்பனைக்கு நிற்கிறாள் மைகா என்ற பதின்வயதுப் பெண். உடம்பில் துணியில்லை, கழுத்தில் பட்டை, இடக்கை பாதியில் முடிந்துபோயிருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் பார்க்கிறவனைக் கிளறும் கோடு ஒன்றுகூட இல்லை. இந்த வகைக் காமிக்ஸ் பல பத்தாண்டுகளாக வரைந்து தள்ளிய பெண்ணுடல்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவள் கண்ணில் அவமானமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இவளை வாங்குகிறவர்களை நினைத்துத்தான் நமக்குக் கவலை வருகிறது.

கவலைக்குக் காரணமும் உண்டு. அவளுக்குள் ஒரு பழங்காலத்து அரக்கத் தெய்வம் குடியிருக்கிறது. அதற்குப் பசித்தால் மனிதர்களைத் தின்னும். எதிரியை மட்டும் தின்னும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் கிப்பா என்ற நரிக்குட்டிச் சிறுமியை அது என்றைக்கு விழுங்குமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு பாகத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கான பதில் இந்தக் கதையின் உலகத்தில் இருக்கிறது. அங்கே படைத்தளபதி பெண், அடிமை வியாபாரி பெண். பிடிபட்டவர்களின் உடலை அறுத்து ‘லிலியம்’ என்ற மருந்துப்பொருளை எடுக்கும் துறவிகளும் பெண்கள். துரோகியும் தோழியும் தாயும் பெண்களே. ஆண்கள் இருக்கிறார்கள், ஓரத்தில். இப்படி ஆக்கிவிட்டதும் ஒரு விடுதலை கிடைத்துவிடுகிறது. ஒட்டுமொத்தப் பெண்குலத்தின் பிரதிநிதியாக நிற்கும் சுமை மைகாவுக்கு இல்லை. அவள் கொடூரமாக நடந்துகொண்டால் அது அவளுடைய கொடூரம் மட்டும்தான். பத்து ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணை நிறுத்தினால் அவள் உத்தமியாக இருந்தே தீர வேண்டியிருக்கிறது. நீங்கள் புரட்டிய புத்தகங்களின் கோளாறு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

லியூவின் பாட்டி, தாத்தா சீனாவில் ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள். அந்த நினைவுகளிலிருந்துதான் இந்தப் போர் உலகம் பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை வரைகிற டகேடா ஜப்பானியர். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 2017 முதல் 2019 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்குமான ஹ்யூகோ விருது காமிக்ஸ் பிரிவில் இத்தொடருக்கே போனது. 2018இல் சிறந்த எழுத்தாளருக்கான ஐஸ்னர் விருதையும் லியூ பெற்றார், டாம் கிங் என்ற இன்னொரு காமிக்ஸ் எழுத்தாளருடன் பகிர்ந்து. ஐஸ்னர் என்பது அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருது. அந்தப் பிரிவில் வென்ற முதல் பெண் அவர். 1988இல் தொடங்கிய விருதுக்கு அதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இதை மகளிடம் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ரத்தமும் சித்திரவதையும் அதிகம்.

அவளுக்கு ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘நௌசிகா’. படத்தைப் பார்த்திருக்கலாம், அது போதாது. 1982இல் தொடங்கி 1994 வரை வந்த மாங்கா அது, ஏழு பாகங்கள். 1984இல் வந்த படம் கதையின் முன்பகுதியை மட்டுமே சொல்கிறது. பெரும்போர் ஒன்றில் நாகரிகம் எரிந்துபோய் ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பூமி. விஷவித்துகளைக் கக்கும் பூஞ்சைக் காடு பரவிக்கொண்டே வருகிறது. எல்லோரும் அதைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். இளவரசி நௌசிகா மட்டும் முகமூடியோடு உள்ளே போய் வித்துகளைப் பொறுக்கி வருகிறாள். கோட்டைக்கு அடியில் ஓர் அறையில் ஆழத்து நீரை ஊற்றி யாருக்கும் தெரியாமல் வளர்க்கிறாள். அங்கே அதே செடிகள் விஷத்தைக் கக்குவதில்லை. அப்படியானால் நஞ்சு செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளை தன் சந்தேகத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் இந்தக் காட்சிக்காகவே அறிவியல் புனைவு என்ற பெயர் இந்நூலுக்குப் பொருந்தும். புழுக்களை நேசித்த ஒரு சீமான் மகளைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதையிலிருந்தும் இவளை எடுத்ததாக மியாசாகி எழுதியிருக்கிறார்.

நௌசிகாவும் பொம்மை உத்தமி அல்ல. கடைசிப் பாகத்தில் மனித குலத்துக்காக அவள் எடுக்கும் முடிவை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. படித்துவிட்டு மகள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கத்து இளவரசி குஷானாவையும் கவனியுங்கள். படத்தில் அவளுக்கு நியாயமே செய்யவில்லை.

டில்லி வால்டனின் ‘ஆன் எ சன்பீம்’ (2018) இன்னொன்று. மீன் வடிவ விண்கலங்கள், விண்வெளியில் இடிந்துகிடக்கும் கட்டடங்களைச் சீரமைக்கும் சிறு குழு. ஆண்பாத்திரம் ஒன்றுகூட இல்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. மையத்தில் இரு பள்ளிச் சிறுமிகளின் காதல். மகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் தாயாகத்தான் உங்கள் கடிதத்தில் தெரிகிறீர்கள்.

‘சாகா’வைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பிரையன் கே. வான், ஃபியோனா ஸ்டேபிள்ஸ் இணையின் தொடர். போரிடும் இரு இனங்களைச் சேர்ந்த தம்பதியும் அவர்களின் கைக்குழந்தையும் ஓடிக்கொண்டே இருக்கும் கதை. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு நமக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார்கள். அற்புதமானது, முழுக்கப் பெரியவர்களுக்கானது. ஒரே சங்கடம், 2012இல் தொடங்கி 54 இதழ்களில் 2018இல் நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தது 2022இல். காத்திருக்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். முடிந்த கதைதான் வேண்டுமென்றால் நௌசிகாவின் ஏழு பாகங்களையும் ஒன்றாகவே வாங்கிவிடுங்கள், மூன்றாம் பாகத்துக்குப் பிறகு இடையில் நிறுத்த விடமாட்டாள்.

அன்புடன்