சமூக உளவியல் படிக்க விரும்பும் மகள்: தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

மதிப்புக்குரிய ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், மருத்துவ உளவியல் வேண்டாம், சமூக உளவியல்தான் மேற்கொண்டு படிப்பேன், அதிலும் விமர்சனப் போக்கைக் கற்பிக்கும் இடத்துக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது படிப்பா, அரசியலா, அதைப் படித்த பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள் என்பது உங்கள் கேள்வி. பேசாமல் எம்.பி.ஏ. சேர்த்துவிடலாம் என்பது அண்ணன் அவர்களின் எண்ணம். எம்.பி.ஏ. பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மகள் கேட்பது இன்னதென்று தெரிந்த பிறகு மறுப்பதுதான் முறை என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

தனியாக இருக்கும்போது ஒரு விதமாகவும் நாலு பேர் நடுவில் வேறு விதமாகவும் மனிதர் ஏன் நடந்துகொள்கிறார் என்று ஆராய்வது சமூக உளவியல். இதன் மையப் போக்கு, சோதனை நடத்தி எண்களால் விடை தேடுவது. 1951-இல் சாலமன் ஆஷ் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் அதே நீளம் உடையது எது என்று கேட்டார். உடன் இருந்தவர்கள் முன்பே சொல்லிவைத்தபடி தவறான விடையைக் கூற, உண்மை கண்ணெதிரே தெரிந்தும் சோதிக்கப்பட்ட மாணவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். இந்தத் துறையின் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1934-இல் பிகார் நிலநடுக்கத்துக்குப் பின், அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் எதையும் காணாத ஊர்களில் இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியதை இந்திய உளவியலாளர் ஜமுனா பிரசாத் பதிவு செய்தார். அடைந்த பயத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததால்தான் அவர்கள் அப்படிப் பேசினார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் பின்னாளில் விளக்கம் சொன்னார். மனதில் ஒன்றோடொன்று பொருந்தாதவை இருந்தால் அவற்றை எப்படியாவது பொருத்திவைக்க மனிதர் முயல்வார் என்று சொல்லி 1957-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு அந்தப் பதிவு ஒரு தூண்டுதலாக இருந்தது.

விமர்சனப் போக்கினர் இந்தச் சோதனைகளைப் பொய் என்று சொல்வதில்லை. கல்லூரி மாணவர்களைச் சிறிது நேரம் ஓர் அறையில் உட்கார வைத்துப் பெற்ற விடையை மனித இயல்பு என்று எழுதிவிடலாமா என்பதே அவர்கள் கேள்வி. 1973-இல் கென்னத் கெர்கன், சமூக உளவியலின் முடிவுகள் இயற்பியல் விதிகளைப் போல் என்றைக்கும் நிலைப்பவை அல்ல, அந்தந்தக் காலத்து வரலாற்றுச் செய்திகளே என்று எழுதியது பெரும் வாதத்தைக் கிளப்பியது. 1987-இல் ஜொனதன் பாட்டரும் மார்கரெட் வெதரெலும், மனதுக்குள் இருக்கும் மனப்பான்மையை அளப்பதைவிட மக்கள் பேசும் பேச்சையே கூர்ந்து ஆராய வேண்டும் என்று கூறிச் சொல்லாடல் பகுப்பாய்வை உளவியலுக்குள் கொண்டுவந்தார்கள். யாருக்குப் பயன்படுவதற்காக இந்த ஆராய்ச்சி நடக்கிறது என்ற கேள்வியும் இந்தப் போக்கோடு சேர்ந்து வருகிறது. அரசியலா என்று நீங்கள் கேட்டது இந்த இடத்தைத்தான் தொடுகிறது. அரசியல் உண்டு, ஆனால் கட்சி அரசியல் அன்று.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர்வரிசை ஏன் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போகிறது என்று இரு போக்கினரும் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். மையப் போக்கில் பயின்றவர், பெண் வீட்டார் சிலரைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரிப்பார். ஒரு பிரிவினரிடம் சென்ற ஆண்டு உறவில் நடந்த கல்யாணங்களின் செலவுக் கணக்கைக் காட்டுவார், மற்றவர்களிடம் காட்டமாட்டார். பிறகு எவ்வளவு செய்வதாக உத்தேசம் என்று இரு பிரிவினரிடமும் கேட்டு, வேறுபாடு தற்செயலானதா என்று புள்ளியியலால் சோதிப்பார். விமர்சனப் போக்கினர் பேச்சு நடக்கும் முகப்பிலேயே அனுமதி பெற்று உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்வார். ‘நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதுதானே’ என்ற வாக்கியத்தில் கேட்பவர் யார் என்பதே மறைந்துவிடுவதையும், கேட்காமல் கேட்பதற்கு அந்தப் பேச்சு எப்படி உதவுகிறது என்பதையும், அதற்குப் பெண்ணின் தகப்பனார் சொல்லும் பதிலையும் இடையில் விழும் மௌனத்தையும் வரிவரியாக எழுதிப் பகுத்துப் பார்ப்பார். அந்த அறையில் மணப்பெண் ஒரு சொல்கூடப் பேசாதது அவருக்கு ஒரு தரவு. முதலாமவரின் படிவத்தில் அதைக் குறிக்கக் கட்டமே இராது. ஆனால் அக்கம்பக்கத்துக் கணக்கு தெரிந்தால் சீர் எத்தனை விழுக்காடு ஏறுகிறது என்று ஓர் அரசு அதிகாரி கேட்டால், முதலாமவரால்தான் விடை சொல்ல முடியும்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது, விமர்சனத்தை விடாதே, ஆனால் எண்ணைக் கற்காமல் அதற்குள் போகாதே என்பதுதான். ஐந்தொகை எடுக்கத் தெரியாதவர் பிறர் பேரேட்டில் குற்றம் கண்டுபிடித்தால் நம் ஊரில் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். சோதனை உளவியலுக்கு அண்மைக் காலத்தில் விழுந்த பலத்த அடியும் எண் தெரிந்தவர்கள் கையாலேயே விழுந்தது: உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்து, அவற்றில் 36 விழுக்காட்டில்தான் முன்பு கண்ட விளைவு புள்ளியியல் அளவில் மீண்டும் கிடைத்தது என்று 2015-இல் அறிவித்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கான உளவியல் வேண்டும் என்று எல் சால்வடோரில் எழுதிய பாதிரியார் இக்னாசியோ மார்ட்டின்-பாரோவும் எண்ணை ஒதுக்கவில்லை. அரசு சொல்வதற்கு எதிராக மக்கள் உண்மையில் நினைப்பதை நிறுவ 1986-இல் தம் பல்கலைக்கழகத்திலேயே கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1989-இல் ராணுவத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். விமர்சனப் போக்கை விரும்பும் மாணவர்கள் புள்ளியியலுக்குப் பயந்து அங்கே ஒதுங்குவதும் உண்டு. உங்கள் மகள் அந்த வகையா என்பதை அவருடைய புள்ளியியல் மதிப்பெண்ணே சொல்லிவிடும்.

வேலையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். சமூக உளவியலாளர் தேவை என்று விளம்பரம் அநேகமாக வராது. வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: சந்தை ஆய்வு நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு, மனிதவளத் துறை, திட்ட மதிப்பீடு, பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள். அரசுத் திட்டங்களைக் களத்தில் சோதித்துப் பார்க்கும் ஜே-பால் போன்ற அமைப்புகள் நம் மாநிலத்திலும் பணியாற்றுகின்றன. கிராமத்தில் தமிழில் நேர்காணல் செய்து, இரவில் கணினியில் தரவைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. இவற்றில் பெரும்பாலான இடங்களில் எண் தெரிந்தவரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். விமர்சனப் பயிற்சி மட்டும் பெற்றவருக்குக் கல்லூரி ஆசிரியர் பணி, ஆய்வு, சில தொண்டு நிறுவனங்கள் என்று வழி குறுகிவிடுகிறது, அதுவும் முனைவர் பட்டம் வரை காத்திருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும் என்பதை அண்ணன் அவர்களிடம் சொல்லுங்கள். அந்தத் தேர்விலும் புள்ளியியலும் ஆய்வு முறையும் வருகின்றன.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சமூக உளவியலில் முதுகலை முடித்தவர் மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள முடியாது; அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டு, பின்னால் அதைச் சிகிச்சை வேலையாக மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

சமூக உளவியல் என்ற பெயரிலேயே முதுகலை தரும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. பொதுவான உளவியல் முதுகலையில் சேர்ந்து, விருப்பப் பாடத்தையும் ஆய்வேட்டையும் இந்தப் பக்கம் அமைத்துக்கொள்வதுதான் நடைமுறை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி விண்ணப்பம். எங்கே போட்டாலும் பாடத்திட்டத்தில் புள்ளியியலுக்கு எத்தனை தாள், எண்ணுக்குப் பதில் பேச்சையும் நேர்காணலையும் கொண்டு ஆராயும் பண்புசார் ஆய்வு முறைக்குத் தனித் தாள் உண்டா என்று பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலையும் துறையில் கேட்டு வாங்குங்கள். எல்லாத் தலைப்பும் மன அழுத்தத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு என்றே இருந்தால், உங்கள் மகள் தேடும் ஆசிரியர் அங்கே இல்லை. எல்லாமே கோட்பாட்டு விவாதமாகவும் ஒரு ஆய்வேட்டிலும் களத் தரவு இல்லாமலும் இருந்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது, வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். உளவியலைத் தொலைதூர முறையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 கல்வியாண்டு முதல் தடை விதித்திருக்கிறது. இப்போது யாராவது அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். விடுதியில் தங்கிப் படிப்பதுதான் வழி. அண்ணன் அவர்களையும் அழைத்துக்கொண்டு, மகளின் ஐந்து பருவ மதிப்பெண் பட்டியல்களோடு ஒரு சனிக்கிழமை காரைக்குடிக்கு வாருங்கள். எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை மூவரையும் வைத்துக்கொண்டே முடிவு செய்யலாம்.