மஞ்சள் பையில் 52 சீட்டு

கேள்வி: ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் எப்போதும் 90-க்குக் குறையாமல் வாங்குபவள். '52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது. அது ஹார்ட் அல்லது ராணியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?' என்ற கேள்விக்கு 17/52 என்று எழுதி மதிப்பெண்ணை இழந்துவிட்டாள். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டே கிடையாது. வாங்கினாலும் மாமியார் உள்ளே விடமாட்டார். பார்க்காத பொருளை வைத்துக் கணக்குப் போடச் சொன்னால் பிள்ளை என்ன செய்வாள்?
- ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் மகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. சீட்டைத்தான் அவள் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பக்கூடாது.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி, மற்ற எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டு, சீட்டுக் கணக்கு இருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "ஜாக் என்றால் என்ன சார்?" என்றாள். ஆலமரத்தடியில் ஆடுகிறவர்களை எட்டி நின்று பார்த்த பையன்களுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அன்று மாலையே வீட்டில் இருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வெட்ட உட்கார்ந்தேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாமியாரின் சம்மதமும் கிடைத்துவிடும்.

13 பத்திரிகைகள் போதும். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 52. அளவு ஒரு நூல்கூட மாறக்கூடாது. சீட்டில் நான்கு வகை: ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் கறுப்பு மை, ஹார்ட்டுக்கும் டைமண்டுக்கும் சிவப்பு மை. ஒவ்வொரு வகையிலும் ஏஸ், 2 முதல் 10 வரை, ஜாக், ராணி, ராஜா என்று 13 சீட்டுகள். எல்லாவற்றையும் தாம்பூலம் கொடுத்த மஞ்சள் பை ஒன்றில் போட்டுக் குலுக்கி, உள்ளே பார்க்காமல் கைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சீட்டு மட்டும் சற்றுப் பெரிதாக இருந்தால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் 1/52 என்று எழுத நமக்கு உரிமை இல்லை. பாடப்புத்தகம் 'சமவாய்ப்பு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவதை அவள் விரல் நுனியிலேயே புரிந்துகொள்வாள்.

இனி அவள் செய்த பிழைக்கு வருவோம். சீட்டுகளைத் தரையில் நான்கு வரிசையாக, ராணிக்கு நேர் கீழே ராணி வரும்படி பரப்புங்கள். ஹார்ட் வரிசையில் சீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள்: 13. பிறகு நான்கு ராணிகள் மேலும் ஒவ்வொரு கொட்டை: 4. மொத்தம் 17 கொட்டைகள். ஆனால் ஹார்ட் ராணியின் மேல் மட்டும் இரண்டு கொட்டைகள் உட்கார்ந்திருக்கும்! உங்கள் மகள் எண்ணியது கொட்டையை. கேள்வி கேட்பது சீட்டை. சீட்டு 16-தான். விடை 16/52, சுருக்கினால் 4/13. இதையே புத்தகம் 13 + 4 - 1 என்று எழுதுகிறது. அந்த ஒன்றை ஏன் கழிக்கிறோம் என்று அவளிடம் யாரும் இனிச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி 'ராஜா அல்லது ராணி' என்று இருந்தால் கழிக்க எதுவும் இல்லை. ஒரே சீட்டு இரண்டாகவும் இருக்க முடியாது. 8/52.

மாமியாரிடம் கோபம் வேண்டாம். சீட்டாட்டத்தில் நிலத்தை விட்ட குடும்பங்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் இந்தக் கணிதம் சூதாட்டத்திலிருந்து முளைத்ததுதான். பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி விவாதித்தபோது அதற்கு அடித்தளம் விழுந்தது.

கேள்வி: தொடர்ந்து ஐந்து முறை சிவப்புச் சீட்டு வந்துவிட்டால், அடுத்தது கறுப்பு வரத்தானே வாய்ப்பு அதிகம்?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: எடுத்த சீட்டை என்ன செய்தீர்கள், தம்பி? அதைச் சொல்லாமல் இதற்கு விடை இல்லை.

ஒவ்வொரு முறையும் திரும்ப வைத்துக் கலைத்திருந்தால் கட்டில் இப்போதும் 26 கறுப்பு, 26 சிவப்பு. வாய்ப்பு சரிபாதி. முன்பு வந்த ஐந்து சிவப்பும் கட்டுக்குத் தெரியாது. 'இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்தே தீரும்' என்று பணத்தை வைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

எடுத்த ஐந்தையும் வெளியே வைத்திருந்தால் நிலைமை வேறு. மிச்சம் 47, அதில் கறுப்பு 26. வாய்ப்பு 26/47, ஏறக்குறைய 55 சதவீதம். நீங்கள் சொன்னது இங்கே உண்மை.

அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வருவதையும் போட்டுப் பாருங்கள். முதல் ஏஸைத் திரும்ப வைத்தால் 4/52 × 4/52, அதாவது 1/169. வைக்காவிட்டால் 4/52 × 3/51, அதாவது 1/221. தேர்வில் 'திரும்ப வைக்காமல்' என்ற இரண்டு சொற்களைக் கண்டதும் அடிக்கோடு போட்டுவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.