குவாரித் தண்ணீர் ஓடும் நிலத்தில் வெடிமருந்து எச்சம் இருக்கிறதா?

கேள்வி: ராதாபுரம் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் நிலம். வாழையும் முருங்கையும் போட்டிருக்கிறேன், வெள்ளாடும் உண்டு. மேட்டில் கல்குவாரி. அங்கே தேங்கும் தண்ணீரை இறைத்து ஓடையில் விடுகிறார்கள். அது என் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. மண் பரிசோதனை அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது. வெடிமருந்து கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அண்ணாச்சி, முதலில் ஒன்று. ஓடையில் வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோகக் குழாயோ ஜெலட்டின் குச்சியோ கிடந்தால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் அண்ட விடாதீர்கள். உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

குவாரி வெடிமருந்தில் பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட்தான். சிந்தியதும் வெடிக்காமல் தங்கியதும் தண்ணீரில் கரைந்துவிடும். அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பிடிக்காது, அது நீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். அதனால் மண்ணுக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

உங்கள் அட்டையை நம்பி இருந்துவிட வேண்டாம். அதில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அளவை வழக்கமாக பெர்மாங்கனேட் முறையில் எடுப்பார்கள். அந்த முறையில் நைட்ரேட் கணக்கில் வராது. ஆய்வகத்தில் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் தனித்தனியாகப் பார்த்துத் தரும்படி கேட்க வேண்டும்.

தண்ணீர் எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டுப் பிடியுங்கள். உரம், மருந்து இருந்த பாட்டில் கூடவே கூடாது. ஐஸ் வைத்து 48 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பார்ப்பார்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். கூடுதலாக இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

ஆனால் யூரியாவும் எருக்குழியும் கழிவறைத் தொட்டியும்கூட நைட்ரேட்டைக் கொடுக்கும். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு குவாரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. குவாரிக்கு மேலே உள்ள ஒரு கிணறு, ஓடை, உங்கள் கிணறு, மூன்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். புரட்டாசியில் ஒரு தடவை, ஐப்பசி முதல் மழை பெய்ததும் ஒரு தடவை. குவாரி தண்ணீர் இறைக்கும் நாட்களில் ஓடையில் மட்டும் அளவு எகிறினால் காரணம் அங்கேதான்.

மண்ணில் எச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் ஒன்றும் இருக்காது, ஒரு முழம் தள்ளி நிறைய இருக்கும். அதனால் வாழைத் தூரை விட்டு, உரம் விழாத ஓடைக்கரை வரப்பில் முப்பது இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். மேல்மண் தனி, இரண்டடி ஆழத்து மண் தனி. பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு வெளியே கிடந்தால் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிடும்.

டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். போன்ற ராணுவ வெடிமருந்துகளின் எச்சமெல்லாம் முக்கியமாக ராணுவப் பயிற்சித் திடல்களின் பிரச்சினை. அதற்கு மண்ணை அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் ஊறவைத்து, கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் பார்க்க வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

முடிவு வரும்வரை ஆடுகளை ஓடைத் தண்ணீருக்கு விடாதீர்கள். நைட்ரேட் ஆட்டின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஆடு மூச்சு வாங்கித் தள்ளாடும், ஈறு நீலம் பாரிக்கும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். இதற்கு மருந்து மெத்திலீன் புளூ. கால்நடை மருத்துவர்தான் ஊசி வழியாகப் போட வேண்டும், காத்திருக்க நேரம் இருக்காது.

வாழைக்கு அந்தத் தண்ணீர் பாயலாம், உரத்தைக் குறைத்துவிடுங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், ஒரு லட்சம் லிட்டர் பாய்ச்சும்போது ஏறக்குறைய ஐந்து கிலோ யூரியா போட்ட கணக்கு.

ஓடையில் அளவு கூடியிருந்தால் இரண்டு தடவை எடுத்த முடிவுகளையும் இணைத்து, திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு நாளில் கொடுங்கள். கனிமவளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்பிவிடுங்கள்.