பச்சைக் கோலி: சோடா பாட்டில் கோலியா, பழைய கைவேலையா?

புளியரையில் தாத்தா கடை டப்பாவில் கிடைத்த பச்சைக் கோலிகள் புற ஊதா (UV) டார்ச்சில் மின்னுகின்றன, மேலே மங்கலாக இருக்கிறது, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேய்க்கவே வேண்டாம் அண்ணாச்சி. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்புத் திரவமும் போதும். கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம்.

கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர்கள் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பத்து மடங்கு காட்டினால் போதும். கோலியை மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஜெர்மனியின் லௌஷா ஊர்க் கைவேலை மாதிரியானது என்றால், சூடான கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டிய தழும்பு ஓரிடத்தில் சொரசொரப்பாகத் தெரியும். சிலவற்றில் அதைத் தேய்த்து மழுப்பியிருப்பார்கள். உள்ளே வண்ண நாடா முறுக்கிக்கொண்டு போகும். இது எதுவுமில்லாமல் வெறும் வெளிர்பச்சை என்றால் பெரும்பாலும் சோடா பாட்டில் கோலிதான். அதுவும் இளப்பமில்லை, ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கொண்டுவந்த மூடி அது.

டார்ச் ஒளியின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர் என்று பாருங்கள். 395-லேயே பளிச்சென்று பச்சையாக எரிந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடியாக இருக்கும். 365-இல் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் மாங்கனீஸ் கலந்ததாக இருக்கலாம். யுரேனியம் என்றதும் பயப்படாதீர்கள், கையில் எடுத்துப் பார்க்கலாம். அரைத்துத் தூளாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சாரல் சீசனில் பஞ்சில் பொதிந்து வைக்காதீர்கள், ஈரம் கோத்து மங்கல் கூடும். தழும்பு தெரிந்தால் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.