ஜப்பானின் குமாமோட்டோ கோட்டைச் சீரமைப்பை அருகில் பார்க்க முடியுமா? என் வரைபடத்தில் உள்ள வழிகளெல்லாம் அடைத்திருக்கின்றன.

தனி அனுமதி எதுவும் வேண்டாம். நுழைவுச்சீட்டு வாங்கினாலே, சீரமைப்பு நடக்கும் பகுதிக்கு மேலாகப் போகும் உயர்நடைபாதையில் நடந்து பார்க்கலாம். நீளம் சுமார் 350 மீட்டர், உயரம் ஏறக்குறைய 6 மீட்டர்.

வரைபடத்தில் உள்ள வழிகளெல்லாம் அடைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அது கோட்டையைச் சேதப்படுத்திய 2016 நிலநடுக்கத்துக்கு முந்தைய வரைபடமாக இருக்கும். இந்த நடைபாதை 2020இல்தான் தினசரிப் பார்வைக்கு வந்தது. அது உங்கள் வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், சரிந்த கற்களைப் பரப்பி வைத்திருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதியிருக்கும். பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, முன்பு இருந்த அதே இடத்தில் திரும்ப வைப்பதற்காக. எனக்குக் கோபுரத்தைவிட அந்தக் கற்கள்தான் பெரிசு.

ஒன்று மட்டும்: நீங்கள் போகிற அன்று எந்தச் சுவரில் வேலை நடக்கும் என்று சொல்ல முடியாது, சாரம் மறைக்கவும் செய்யலாம். முழுப் பணியும் முடிய 2052 ஆகும் என்பது திட்டம்.