மகனுக்கு ஸ்கோர், மகளுக்கு கிரேடு: ஒரே காலேஜ், இரண்டு அளவுகோல்

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் வசிக்கிறோம். மகன் கூடைப்பந்து, மகள் சாக்கர். இருவரும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் காலேஜ்) அணிகளில் ஆடுகிறார்கள். மகனுக்கு டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்தட்டில் இருக்கும் பல்கலைக்கழகம் கூப்பிட்டால்தான் வெற்றி. பாடத்தில் சி வந்தால் கவலையே இல்லை. மகள் ஆட்டத்தில் தோற்றாலும் சிரித்துக்கொண்டே வருகிறாள், ஆனால் பி வாங்கினால் அழுகிறாள். அவளுக்கு விளையாட்டில் அக்கறை போதவில்லையோ? இருவரிடமும் எப்படிப் பேசுவது?

பதில்: மகளைப் பற்றி அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. காலேஜ் விளையாட்டு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இந்த வித்தியாசத்தை அடிக்கடி பார்க்கிறேன். "இந்த சீசன் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், பையன்கள் பெரும்பாலும் எத்தனை நிமிஷம் ஆடினேன், எத்தனை பாயிண்ட், எந்தக் கோச் வந்து பார்த்தார் என்று ஆரம்பிப்பார்கள். பெண்கள் அணித் தோழிகள், கோச் நடத்திய விதம், கிரேடு, டிரான்ஸ்ஃபர் (நான்காண்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது) எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார்கள். விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ ஆண்டுதோறும் வெளியிடும் பட்டம் பெறும் விகிதத்தில் வீராங்கனைகள் வீரர்களைவிட முன்னால்தான் நிற்கிறார்கள்.

இதைப் பிறவிக் குணம் என்று நான் நினைக்கவில்லை. எதிரே தெரியும் கதவுகள் வேறு. 2025இல் ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 30 அணிகள், பெண்களின் டபிள்யூஎன்பிஏவில் 13. அங்கே அந்த ஆண்டு ஒரு வீராங்கனையின் குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 66,000 டாலர். என்பிஏவில் பத்து லட்சம் டாலருக்கும் மேல். கடைசியில் சோறு போடப்போவது பட்டம்தான் என்பது பெண்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பையன்களோ டெக்சஸில் டைலர் ஜூனியர் காலேஜில் தொடங்கி என்பிஏ நட்சத்திரமான ஜிம்மி பட்லரைப் பார்த்து வளர்கிறார்கள். (அதே டெக்சஸில் சவுத் பிளெய்ன்ஸ் காலேஜில் ஆடிவிட்டு டெக்சஸ் டெக்குக்குப் போன ஷெரில் ஸ்வூப்ஸ், 1993 என்சிஏஏ இறுதி ஆட்டத்தில் 47 பாயிண்ட் எடுத்தார். அந்தக் கதையைப் பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.)

முதலில் மகன். அவனிடம் கனவைக் குறைத்துக்கொள் என்று சொல்ல வேண்டாம், எடுபடாது. கணக்கைக் காட்டுங்கள். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஆட, பருவத்துக்கு 12 யூனிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் கணக்கு) எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது சீசனுக்கு 24 யூனிட் முடித்திருக்க வேண்டும், அதில் 18 பாடம் சார்ந்தவை, ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) 2.0. எல்லாவற்றிலும் சி வாங்கினால் சரியாக 2.0 வரும், ஆட்டம் தொடரும். ஆனால் இரண்டாண்டு காலேஜிலிருந்து டிவிஷன் 1க்குப் போய் உடனே ஆட வேண்டுமென்றால், டிரான்ஸ்ஃபர் ஆகும் பாடங்களில், அதாவது அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடங்களில், 2.5 வேண்டும். அதாவது சி மட்டும் வாங்கினால் இங்கே ஆடலாம், அவன் ஆசைப்படும் இடத்தில் ஆட முடியாது. இதைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. யூனிட் எண்ணிக்கைக்காக உடற்பயிற்சி வகுப்புகளை அடுக்கியிருக்கிறானா என்று பாருங்கள். அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் டிவிஷன் 1 ஏற்கும். சீசன் நடுவில் கணக்குப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று ராத்திரி போனிலேயே டிராப் செய்து, 12இலிருந்து 9க்கு இறங்கி, மறுநாள் ஆட்டத்துக்குத் தகுதி இழப்பவர்களும் உண்டு. டியூட்டரிங் சென்டருக்குப் போவது மானக்கேடு என்று நினைக்கும் வியாதி பையன்களிடம்தான் அதிகம். ஏற்கனவே "விளையாடுறவனுக்குப் படிப்பு வராது" என்ற பார்வை வகுப்பில் இருப்பதால், உதவி கேட்டால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். போ என்று சொல்லாமல், அணித் தோழன் ஒருவனோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள். பலன் இருக்கும்.

மகளின் ஆபத்து வேறு மாதிரி. எல்லாம் ஒழுங்காகச் செய்கிறாள், அதனால் யாரும் அவளைக் கேட்பதில்லை. தோற்றுவிட்டுச் சிரிக்கிறாள் என்பதற்காக வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அடுத்த கட்டத்தில் ஆட ஆசை இருக்கிறதா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். பல பெண்கள் யாரும் கேட்காததாலேயே சொல்வதில்லை. உண்மையில் அவளுடைய கதவு உங்கள் மகனுடையதைவிட அகலமாக இருக்கலாம். 2024-25 வரை டிவிஷன் 1 சாக்கரில் பெண்கள் அணிக்கு அதிகபட்சம் 14 உதவித்தொகைகள், ஆண்கள் அணிக்கு 9.9 என்றிருந்தது; பெண்கள் அணிகளின் எண்ணிக்கையும் அதிகம். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 9 சட்டம் 1972இல் வந்ததன் பலன் இது. 2025இல் ஹவுஸ் வழக்குச் (ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மேல் போடப்பட்ட வழக்கு) சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இந்த உச்சவரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. எனவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனியாக விசாரியுங்கள். ஆட்ட வீடியோ, டிரான்ஸ்கிரிப்ட் இரண்டையும் கோச்சுகளுக்கு அவளே மின்னஞ்சலில் அனுப்பட்டும். மகனுடைய கூடைப்பந்தில் இப்போது கோச்சுகள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (பல்கலைக்கழகம் மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வழியாக, நான்காண்டு பல்கலைக்கழகங்களில் ஏற்கனவே ஆடியவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். போட்டி கடுமை.

அப்புறம், வீட்டு விஷயம். கேட்டால் கோபம் வரலாம். கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே போய் வருகிறவர்கள். பிராக்டிஸ் முடிந்து ஏழு மணிக்கு மகன் வந்தால் தட்டு தயாராக இருக்கிறதா? அதே நேரத்துக்கு மகள் வந்தால் சிங்க்கில் பாத்திரம் கிடக்கிறதா? பி வந்ததற்கு அவள் அழுவதில் அந்த ஒரு மணி நேரத்துக்கும் பங்கு இருக்கலாம்.

அடுத்த பருவப் பதிவுக்கு முன்னால் இருவரும் விளையாட்டு மாணவர்களுக்கான கவுன்சிலரைத் தனித்தனியாகப் பார்க்கட்டும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒப்பீட்டில் போய் முடியும். யாராவது ஒருவர் ஆட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாலும் பதற வேண்டாம். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, ஆகவே விடுவதால் பணமும் போகாது, சீட்டும் போகாது.